பெரிய ஸ்ட்ரிங், சின்ன ஸ்ட்ரிங்: குழப்பும் டைப் பெயர்களைத் தடுக்க ஒரு லிண்ட் விதி

ஜாவாஸ்கிரிப்டோடு டைப் சேர்த்த மொழியான டைப்ஸ்கிரிப்டில் ஒரு மாறிக்கு ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) என்று டைப் கொடுக்கும்போது முதலெழுத்தைப் பெரியதாகப் போட்டுவிட்டால் கம்பைலர் வாயே திறக்காது. அந்த மாறியில் ஒரு பெயரை வைக்கலாம், அதன் நீளத்தைக் கேட்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், எல்லாம் நடக்கும். பல ஃபைல் தள்ளி, ஒழுங்காக எழுதப்பட்ட வேறொரு ஃபங்ஷனுக்கு அந்த மதிப்பை அனுப்பும்போதுதான் எடிட்டரில் சிவப்புக் கோடு விழும். கோடு விழுந்த இடத்தில் தவறு எதுவும் இருக்காது. திருத்த வேண்டிய வரியில் கோடே இருக்காது.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. அதனால் முதலெழுத்து பெரியதாக இருப்பதைப் 'பெரிய ஸ்ட்ரிங்' என்றும், எல்லா எழுத்தும் சிறியதாக இருப்பதைச் 'சின்ன ஸ்ட்ரிங்' என்றும் இங்கே வைத்துக்கொள்வோம். நம்பர், பூலியன், ஆப்ஜெக்ட் எல்லாவற்றுக்கும் அதே கணக்கு.

கம்பைலர் விட்டுவிடுகிற, ஆனால் மனிதர்கள் அடிக்கடி சறுக்குகிற இப்படிப்பட்ட இடங்களுக்காகவே லிண்டர் இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1970களின் கடைசியில் சி மொழிக்காக எழுதிய லிண்ட் என்ற நிரலில் தொடங்கிய வழக்கம் இது. மொழியின் இலக்கணப்படி சரியாக இருந்தாலும் சந்தேகத்துக்குரியதாகத் தெரிவதைச் சுட்டிக்காட்டுவதுதான் அதன் வேலை. இன்று ஜாவாஸ்கிரிப்ட் உலகில் அந்த இடத்தில் இருப்பது 2013-இல் நிக்கோலஸ் ஜகாஸ் தொடங்கிய இஎஸ்லிண்ட். அதற்கு டைப்ஸ்கிரிப்டைப் புரியவைக்கிற திட்டம் டைப்ஸ்கிரிப்ட்-இஎஸ்லிண்ட்.

பெரிய ஸ்ட்ரிங்கைக் கண்டால் திட்டு என்று ஒரு விதி எழுதுவது பார்வைக்கு அரைமணி நேர வேலை. ஆனால் டைப்ஸ்கிரிப்ட்-இஎஸ்லிண்ட் திட்டம் இந்த ஒரு விதியைப் பல தடவை திருத்தி எழுதி, கடைசியில் உடைத்தே போட்டது. ஏன் அப்படி ஆயிற்று என்று பார்த்தால், குழப்பும் பெயர்களைத் தடுக்கும் விதி எதையும் எப்படி எழுத வேண்டும் என்பது ஓரளவு பிடிபடும். பெயரைக் கண்டுபிடிப்பது சுலபம். அந்தப் பெயர் ஏன் குழப்புகிறது என்பது பெயருக்குப் பெயர் மாறுகிறது, விதி அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும். சிக்கல் அங்கேதான்.

இரண்டு ஸ்ட்ரிங் எங்கிருந்து வந்தது

பழி டைப்ஸ்கிரிப்டைச் சேராது. 1995-இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கியபோது, அது ஜாவா மாதிரி தெரிய வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. அப்படி ஜாவாவிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவற்றில் ஒன்று, எளிய மதிப்பு தனி, ஆப்ஜெக்ட் தனி என்ற பிரிவினை. மேற்கோள் குறிக்குள் எழுதுகிற சொல் ஒரு எளிய மதிப்பு. நியூ என்ற சொல்லைப் போட்டுப் பெரிய ஸ்ட்ரிங்கை அழைத்தால் கிடைப்பது, அந்த மதிப்பைச் சுற்றி உறை போட்ட ஓர் ஆப்ஜெக்ட். எளிய மதிப்பிடம் நீளம் கேட்டாலும் பதில் வருவது, மொழி ஒரு நொடிக்கு அந்த உறையைத் தானே போட்டுக் கழற்றுவதால்தான்.

இந்த உறைகளை நேரடியாக உருவாக்கினால் விளைவு விசித்திரமாக இருக்கும். ஒரே எழுத்துகளைக் கொண்டு உருவாக்கிய இரண்டு உறைகளை === போட்டு ஒப்பிட்டால் சமம் இல்லை என்று வரும், இரண்டும் வெவ்வேறு ஆப்ஜெக்ட் என்பதால். ஃபால்ஸ் என்ற மதிப்பைப் பெரிய பூலியன் உறைக்குள் போட்டு ஒரு இஃப் நிபந்தனையில் வைத்தால், உள்ளே இருப்பது பொய்யாக இருந்தும் நிபந்தனை மெய்யாகிவிடும். ஆப்ஜெக்ட் எதுவானாலும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது மெய். இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறவர் அநேகமாக யாரும் இல்லை.

2012-இல் மைக்ரோசாஃப்ட் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டபோது, ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் டைப் சொல்ல வேண்டிய கட்டாயம். எளிய மதிப்புக்குச் சின்ன ஸ்ட்ரிங், உறைக்குப் பெரிய ஸ்ட்ரிங். சின்னதைப் பெரியது இருக்கும் இடத்தில் வைக்கலாம், ஏனென்றால் உறையில் உள்ள மெத்தடுகள் எல்லாம் எளிய மதிப்பிலும் வேலை செய்யும். திருப்பி வைக்க முடியாது. இந்த ஒருவழிப் பாதைதான் தவறு நடந்த இடத்தில் சத்தம் வராமல் போவதற்குக் காரணம். பெரிய நம்பர் இன்னும் மோசம்: அந்த டைப் கொடுத்த மாறியோடு ஒன்றைக் கூட்டப் போனால், இந்த இரண்டையும் கூட்ட முடியாது என்று கம்பைலர் சொல்லும். ஐந்தும் ஒன்றும் ஏன் கூடாது என்று புதியவர் மண்டையை உடைத்துக்கொள்வார்.

பெரிய எழுத்தை யார் போடுகிறார்கள் என்று பார்த்தால் அவர்கள் ஒன்றும் கவனமில்லாதவர்கள் இல்லை. ஜாவாவிலிருந்து வருகிறவருக்கு ஸ்ட்ரிங் என்றாலே பெரிய எழுத்துதான், சின்னது அங்கே இல்லவே இல்லை. சி ஷார்ப்பில் இரண்டும் இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் பொருள் ஒன்றே. சின்னது பெரியதன் மறுபெயர், அவ்வளவுதான். சி ஷார்ப்பையும் டைப்ஸ்கிரிப்டையும் வடிவமைத்தவர் ஒரே ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க் என்பதால், இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் நினைத்தால் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது கூட்டம், மாங்கோ டிபி என்ற டேட்டாபேஸோடு பேச உதவும் மாங்கூஸ் நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள். மாங்கோ டிபிக்கு ஸ்கீமா, அதாவது தரவின் வடிவ வரையறை, எழுதும்போது 'பெயர்' என்ற ஃபீல்டுக்குப் பெரிய ஸ்ட்ரிங் போடுவதுதான் சரி. அங்கே அது டைப் இல்லை, ஓடுகிற நேரத்தில் இருக்கிற ஒரு கன்ஸ்ட்ரக்டர் ஃபங்ஷன். அதே ஃபைலில், சில வரிகளுக்கு மேலே, அதே ஃபீல்டுகளைக் கொண்ட ஒரு இன்டர்ஃபேஸ் இருக்கும். அங்கே சின்ன ஸ்ட்ரிங் போட வேண்டும். கீழிருந்து நகலெடுத்து மேலே ஒட்டினால் முடிந்தது கதை. வ்யூ என்ற இடைமுக நூலகத்தின் கூறுகளில் ப்ராப்ஸ் (கூறுக்கு வெளியிலிருந்து வரும் உள்ளீடுகள்) அறிவிக்கும்போதும் இதே நிலைதான். விதி எழுதுகிறவர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: ஒரே சொல் மதிப்பாக வரும் இடத்தில் சரி, டைப்பாக வரும் இடத்தில் தவறு. ஃபைலில் சொல்லைத் தேடிப் பிடிக்கிற சாதாரணத் தேடல் இங்கே உதவாது.

ஆலோசனை மாறிக்கொண்டே இருந்த விதி

பெரிய ஸ்ட்ரிங் குழப்புவது எழுத்து ஒற்றுமையால். மற்ற பெயர்களின் கதை வேறு.

{} என்று வெறும் சுருள் அடைப்பு போட்டால் 'காலியான ஆப்ஜெக்ட்' என்று படிப்பவருக்குத் தோன்றும். டைப்ஸ்கிரிப்டுக்கு அதன் பொருள், நல், அன்டிஃபைன்ட் இரண்டும் நீங்கலாக எதுவும். அந்த டைப்பில் ஐந்தை வைக்கலாம், ஒரு சொல்லை வைக்கலாம், ஃபங்ஷனையும் வைக்கலாம். இந்த ஃபீல்ட் இருக்க வேண்டும், அந்த மெத்தட் இருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் அதில் இல்லை, எனவே எல்லாம் பொருந்தும். வடிவத்தை வைத்து டைப் பார்க்கிற மொழியில் அது தவிர்க்க முடியாத விளைவு. பெரிய ஆப்ஜெக்டும் ஏறக்குறைய இதேதான். சின்ன ஆப்ஜெக்ட் வேறு: 2017-இல் டைப்ஸ்கிரிப்ட் 2.2 பதிப்பில்தான் அது வந்தது, எளிய மதிப்பாக இல்லாத எதையும் குறிக்கும். ஆக ஆப்ஜெக்ட் என்ற ஒரு எண்ணத்துக்கு மூன்று எழுத்து வடிவங்கள், அவற்றில் இரண்டு உங்களுக்குத் தோன்றுகிற பொருளைத் தருவதில்லை.

ஃபங்ஷன் என்ற பெரிய எழுத்து டைப்பில் அப்படிப் பொருள் பிசகாது. ஃபங்ஷன் என்றால் ஃபங்ஷன்தான். ஆனால் எத்தனை உள்ளீடு, என்ன திரும்பி வரும் என்று எதுவும் தெரியாது. அழைத்தால் கிடைப்பது எனி, அதாவது கம்பைலர் எதையும் சோதிக்காத டைப். கிளாஸையும் அது ஏற்கும், நியூ போடாமல் அழைத்தால் ஓடுகிற நேரத்தில் வெடிக்கும்.

டைப்ஸ்கிரிப்டுக்கு முதலில் பரவலாக இருந்த லிண்டர் பாலன்டியர் நிறுவனம் பராமரித்த டிஎஸ்லிண்ட். அதில் தடை-டைப்கள் என்று ஒரு விதி இருந்தது: ஒரு பட்டியலில் பெயர்களையும் அவற்றுக்கான செய்திகளையும் போட்டால், அந்தப் பெயர் டைப்பாக வரும் இடத்தில் எல்லாம் செய்தி வரும். 2019-இல் டிஎஸ்லிண்டைக் கைவிடப்போவதாக அறிவித்தார்கள். விதி டைப்ஸ்கிரிப்ட்-இஎஸ்லிண்டுக்கு இடம்பெயர்ந்து, பரிந்துரைத் தொகுப்பிலும் இடம்பிடித்தது.

பெரிய ஆப்ஜெக்டுக்குப் பதிலாக எதைப் போடச் சொல்வது என்பதில்தான் வேடிக்கை. டிஎஸ்லிண்ட் ஆவணத்தின் எடுத்துக்காட்டு, அதற்குப் பதில் {} போடு என்றது. டைப்ஸ்கிரிப்ட்-இஎஸ்லிண்டின் இரண்டாம் பதிப்பு, சாவி ஸ்ட்ரிங்காகவும் மதிப்பு எனியாகவும் உள்ள ரெக்கார்ட் போடு என்றது. 2020-இல் வந்த மூன்றாம் பதிப்பில் {} தடைப்பட்டியலில் சேர்ந்தது. சின்ன ஆப்ஜெக்டும் சேர்ந்தது, அதை வைத்துக்கொண்டு உள்ளே என்ன ஃபீல்ட் இருக்கிறது என்று சோதிப்பது அப்போது கடினமாக இருந்ததால். பிறகு சின்ன ஆப்ஜெக்டை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நேற்று விதியின் பேச்சைக் கேட்டு {} என்று திருத்தியவரை இன்று அதே விதி திட்டியது. பராமரிப்பவர்களைக் குறை சொல்லவில்லை, மொழியும் அந்த ஆண்டுகளில் மாறிக்கொண்டே இருந்தது. ஆனாலும் ஒரு லிண்டர் தன் மேல் உள்ள நம்பிக்கையை இழக்க இதைவிடக் குறுக்குவழி கிடையாது.

மூன்றாம் பதிப்புக்கு எதிராகக் குரல் கிளம்பியது முக்கியமாக ரியாக்ட் என்ற இடைமுக நூலகத்தில் எழுதுகிறவர்களிடமிருந்து. அதில் கிளாஸ் வடிவக் கூறுகளுக்கு டைப் கொடுக்கும்போது முதல் இடம் ப்ராப்ஸுக்கு, இரண்டாவது ஸ்டேட்டுக்கு. ப்ராப்ஸ் இல்லாத கூறுக்கு முதல் இடத்தில் {} போடுவது ஊரறிந்த வழக்கம், அதனால் யாருக்கும் கேடு வந்ததில்லை. மேம்படுத்திய மறுநாள் நூற்றுக்கணக்கான இடங்களில் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வார்கள்? சிலர் {} ஒன்றுக்கு மட்டும் விலக்கு எழுதினார்கள். சிலர் விதியையே அணைத்தார்கள். அணைத்ததில் பெரிய ஸ்ட்ரிங்குக்கான காவலும் சேர்ந்து போயிற்று.

2024 ஜூலையில் வந்த எட்டாம் பதிப்பில் தடை-டைப்கள் விதியை எடுத்துவிட்டு மூன்றாகப் பிரித்தார்கள். பெரிய எழுத்து உறைகளுக்கு ஒன்று, காலி ஆப்ஜெக்ட் டைப்புக்கு ஒன்று, ஃபங்ஷனுக்கு ஒன்று. குழுக்கள் தாங்களே பட்டியல் போட்டுத் தடுக்கும் வசதி நான்காவதாகத் தனி விதியாயிற்று, அதில் முன்கூட்டியே எந்தப் பெயரும் கிடையாது. என் கணிப்பில் அந்தப் பதிப்பின் மிக நல்ல முடிவு இதுதான். மூன்று குழப்பங்களுக்கும் மூன்று விதமான மருந்து என்பதை அது ஒப்புக்கொண்டது.

விதியின் உள்ளே

உறைகளுக்கான விதியைப் பிரித்துப் பார்ப்போம். அதன் மூல நிரல் ஒரு திரைக்குள் அடங்கிவிடும், ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது.

இஎஸ்லிண்ட் ஃபைலைப் படித்து ஒரு மரமாக்கும். விதி எழுதுகிறவர், மரத்தில் இன்ன வகைக் கணு வந்தால் என்னைக் கூப்பிடு என்று சொல்லி வைப்பார். சின்ன ஸ்ட்ரிங் அந்த மரத்தில் ஒரு சொந்தக் கணு, மொழியின் குறிச்சொல் என்பதால். பெரிய ஸ்ட்ரிங் அப்படி இல்லை. அது வெறும் பெயர், டைப் மேற்கோள் என்ற பொதுவான கணுவுக்குள் வரும், நீங்கள் எழுதிய வாடிக்கையாளர் என்ற இன்டர்ஃபேஸ் எப்படி வருமோ அப்படியே. இந்த வகைக் கணுவை மட்டும் கேட்டுக்கொண்டால் மாங்கூஸ் ஸ்கீமாவில் வருகிற பெரிய ஸ்ட்ரிங் தானாகவே தப்பிவிடும். அது மதிப்பு, மரத்தில் வேறு கிளையில் இருக்கிறது.

அடுத்து, பெயர் ஒரு சிறிய தொகுப்பில் இருக்கிறதா என்று பார்க்கிறது: ஸ்ட்ரிங், நம்பர், பூலியன், சிம்பல், பிக்இன்ட், ஆப்ஜெக்ட். பழைய விதி இந்த இடத்தோடு நின்றுவிட்டது. கணுவின் எழுத்துகளை எடுத்து, இடைவெளிகளை நீக்கி, பட்டியலோடு ஒப்பிடும், அவ்வளவுதான். புதிய விதி இன்னொரு கேள்வி கேட்கிறது: இந்தப் பெயர் உண்மையிலேயே உலகளாவிய பெயர்தானா, அல்லது இந்த ஃபைலிலேயே யாராவது அறிவித்தோ இம்போர்ட் செய்தோ கொண்டுவந்ததா?

இது வீண் ஜாக்கிரதை இல்லை. கம்பைலர், மொழிபெயர்ப்பி மாதிரி கருவிகள் எழுதுகிறவர்களுக்குச் சிம்பல் என்பது அன்றாடச் சொல். டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரே டைப்ஸ்கிரிப்டில்தான் எழுதப்பட்டு வந்தது, அதற்குள் சிம்பல் என்று ஒரு சொந்த இன்டர்ஃபேஸ் இருக்கிறது. அதைச் சின்ன எழுத்துக்கு மாற்று என்று விதி சொன்னால் அது பச்சைத் தவறு. எந்தப் பெயர் எங்கே அறிவிக்கப்பட்டது என்று பார்க்கும் ஸ்கோப் ஆய்வில் அந்தப் பெயருக்கு ஃபைலுக்குள் ஏதாவது அறிவிப்பு இருந்தால் விதி பேசாமல் நகர்ந்துவிடுகிறது. டைப் தகவலைக் கேட்கவே இல்லை என்பதையும் கவனியுங்கள். டைப் தகவல் தேவைப்படும் விதிகள் கம்பைலரை முழுக்க ஓடவிடும், பெரிய திட்டங்களில் அதற்கு நேரம் பிடிக்கும். இங்கே மரமும் ஸ்கோப்பும் போதும்.

பிறகு திருத்தம். இஎஸ்லிண்டில் இரண்டு வகை உண்டு. ஃபிக்ஸ் என்பது ஒரு கட்டளையில் திட்டம் முழுக்கத் தானாகச் செய்வது, யாரும் ஒவ்வொன்றாகப் பார்க்க மாட்டார்கள். சஜெஷன் என்பது எடிட்டரில் பல்ப் படத்தைச் சொடுக்கி ஒவ்வொன்றாக ஏற்பது. ஓடுகிற நடத்தையை மாற்றக்கூடிய எதையும் ஃபிக்ஸாகக் கொடுக்கக் கூடாது என்பது பொது வழக்கம். பெரிய ஸ்ட்ரிங்கைச் சின்னதாக்குவது ஃபிக்ஸாகவே இருக்கலாம். டைப்கள் கம்பைல் ஆகும்போது அழிந்துவிடுகின்றன. ஆங்குலர், நெஸ்ட் போன்ற ஃப்ரேம்வொர்க்குகளில் டெக்கரேட்டர் (கிளாஸின் மேல் ஒட்டும் குறிப்பு) மெட்டாடேட்டா வழியாக டைப்பின் பெயர் ஓடுகிற நிரலுக்குள் கசிவது உண்டு, ஆனால் அங்கேயும் சின்ன ஸ்ட்ரிங்குக்கும் பெரிய ஸ்ட்ரிங்குக்கும் வெளியே வருவது ஒரே பெரிய ஸ்ட்ரிங்தான். எது எழுதினாலும் முடிவு ஒன்று.

பெரிய ஆப்ஜெக்டைச் சின்னதாக்குவதுதான் எனக்கு உறுத்துகிறது. அதையும் இந்த விதி ஃபிக்ஸாகவே கொடுக்கிறது. ஆனால் பெரியது ஐந்தை ஏற்கும், சின்னது ஏற்காது. திருத்திய பிறகு வேறு ஃபைல்களில் கம்பைல் பிழை வரலாம். நடத்தை மாறவில்லை, பிழையும் உடனே தெரிந்துவிடும் என்பதால் வாதத்துக்கு நிற்கும். இருந்தாலும் நான் எழுதியிருந்தால் அந்த ஒன்றை மட்டும் சஜெஷனாக வைத்திருப்பேன். மற்ற ஐந்தும் எழுத்துப் பிசகு, இதில் எழுதியவரின் மனதில் என்ன இருந்தது என்று தெரியாது.

ஒரு கிளாஸ் பெரிய ஸ்ட்ரிங்கை இம்ப்ளிமென்ட் செய்கிறது என்று எழுதியிருந்தாலும், ஒரு இன்டர்ஃபேஸ் அதை எக்ஸ்டெண்ட் செய்தாலும் விதி எச்சரிக்கும், ஆனால் திருத்தாது. அந்த இடங்களில் சின்ன ஸ்ட்ரிங் போட்டால் நிரல் கம்பைல் ஆகாது. இப்படி எழுதுகிறவர் கோடியில் ஒருவர் இருந்தால் அதிகம்.

காலி ஆப்ஜெக்ட் விதி இதற்கு நேர் மாறாக நடந்துகொள்கிறது. ஃபிக்ஸ் கிடையாது. {} எழுதியவர் 'ஏதோ ஓர் ஆப்ஜெக்ட்' என்று நினைத்தாரா, 'எது வேண்டுமானாலும்' என்று நினைத்தாரா, 'ஒன்றும் இல்லாதது' என்று நினைத்தாரா, எந்த நிரலாலும் கண்டுபிடிக்க முடியாது. எனவே சின்ன ஆப்ஜெக்ட், அன்நோன் (எதையும் ஏற்கும் டைப்) என்று இரண்டு சஜெஷன் கொடுத்து முடிவை அவரிடமே விடுகிறது. ஒரு டைப்போடு & குறி போட்டு {} சேர்த்திருந்தால் சும்மா இருக்கிறது. டைப்ஸ்கிரிப்ட் 4.8 பதிப்பிலிருந்து நல், அன்டிஃபைன்ட் இரண்டையும் கழிக்க அதுதான் ஒழுங்கான வழி. ரியாக்ட்காரர்களின் பழைய மனக்குறைக்கும் இதில் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள்: ப்ராப்ஸ் என்று முடிகிற பெயருடைய காலி டைப்களை அனுமதி என்று அமைப்பில் சொல்லலாம். ஃபங்ஷன் விதியோ எதையும் திருத்த முயல்வதில்லை. உள்ளீடுகளையும் திரும்பும் டைப்பையும் வெளிப்படையாக எழுது என்று மட்டும் சொல்கிறது, எதை எழுதுவது என்று அதற்கு எப்படித் தெரியும்?

நாமே வைக்கிற குழப்பும் பெயர்கள்

இதுவரை பார்த்தது மொழியோடு வந்த பெயர்கள். திட்டத்துக்குத் திட்டம் மாறுகிற இன்னொரு வகை உண்டு, சொந்தமாக விதி எழுதுகிற தேவை அங்கேதான் அதிகம்.

எக்ஸ்பிரஸ் என்ற சர்வர் நூலகத்தில் ஒரு ரூட் எழுதுகிறீர்கள். ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ் இரண்டையும் எக்ஸ்பிரஸிலிருந்து இம்போர்ட் செய்ய மறந்துவிட்டது. வழக்கமாக என்றால் அந்தப் பெயர் தெரியவில்லை என்று எடிட்டர் சொல்லும், இம்போர்ட் சேர்க்கட்டுமா என்று கேட்கும். இங்கே கேட்காது. இணையத்திலிருந்து தரவு வாங்கும் ஃபெட்ச் ஏபிஐயின் ரெஸ்பான்ஸ் உலகளாவிய பெயராக ஏற்கெனவே இருக்கிறது, கம்பைலர் அதை எடுத்துக்கொள்கிறது. ஸ்டேட்டஸ் 200 என்று அழைக்கும் வரியில் பிழை வரும்: இந்தக் கோவையை அழைக்க முடியாது, நம்பர் என்ற டைப்புக்கு அழைப்பு வடிவம் இல்லை. ஃபெட்சின் ரெஸ்பான்ஸில் ஸ்டேட்டஸ் ஒரு எண், அதனால் வருகிற செய்தி. அந்தச் செய்தியில் நம்பர் என்பது பெரிய எழுத்தில் இருக்கும் என்பது கூடுதல் வேடிக்கை. மறந்த இம்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அது நூலகங்கள் வைத்த பெயர். நாமும் இதையே செய்கிறோம். கருத்துப் பகுதி கட்டுகிறவர் தன் இன்டர்ஃபேஸுக்குக் கமென்ட் என்று பெயர் வைப்பார். பிரவுசரின் டாமில், அதாவது பக்கத்தின் உறுப்புகளைக் குறிக்கும் ஆப்ஜெக்ட் தொகுப்பில், கமென்ட் என்று ஒரு டைப் இருக்கிறது, எச்டிஎம்எல்லில் வரும் குறிப்புரைக்கு. லொகேஷன், நோட்டிஃபிகேஷன், ஈவென்ட், நோட், டெக்ஸ்ட், ரேஞ்ச், செலக்ஷன் எல்லாம் அப்படித்தான். டெலிவரி ஆப் எழுதுகிறவர் இடத்துக்கு லொகேஷன் என்ற பெயரைத் தவிர வேறு எதை முதலில் நினைப்பார்?

ஃபைலில் இம்போர்ட்டோ எக்ஸ்போர்ட்டோ இருந்தால் உங்கள் கமென்ட் டாமின் கமென்டை மறைக்கும், ஓரளவு பரவாயில்லை. இரண்டும் இல்லாத ஃபைலில் இன்டர்ஃபேஸ் கமென்ட் என்று எழுதினால் கம்பைலர் மறுப்பு சொல்லாது, இரண்டு அறிவிப்புகளையும் ஒன்றாக்கிவிடும். அதன் பிறகு திட்டம் முழுக்க டாமின் கமென்டுக்கு 'எழுதியவர்' என்ற ஃபீல்ட் முளைத்திருக்கும். டைப் என்ற குறிச்சொல்லால் அறிவித்திருந்தால் பெயர் இரட்டிப்பு என்று பிழை வந்திருக்கும். இன்டர்ஃபேஸ் என்பதால் மௌனம்.

இதைத் தடுக்க ஒரு விதி வேண்டும். ஆனால் அதற்கு முன் டைப்ஸ்கிரிப்டின் அமைப்பு ஃபைலைப் பாருங்கள். லிப் என்ற இடத்தை நிரப்பாமல் விட்டால் டைப்ஸ்கிரிப்ட் டாம் டைப்களையும் சேர்த்தே ஏற்றி வந்திருக்கிறது. சர்வரில் மட்டும் ஓடும் திட்டமானால் லிப்பில் மொழிப் பதிப்பை மட்டும் குறிப்பிட்டு டாமை விட்டுவிடலாம். கமென்ட், லொகேஷன் எல்லாம் அந்த நொடியே உலகளாவிய பெயராக இல்லாமல் போகும், மறந்த இம்போர்ட்டுக்கு ஒழுங்கான பிழை வரும். ஒரு வரி அமைப்பு செய்கிற வேலைக்கு விதி எழுதக் கூடாது. சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் ரெஸ்பான்ஸ், ஈவென்ட் போன்றவை அதன் சொந்த டைப்கள் வழியாக வருவதால் அவை மட்டும் மிஞ்சும்.

பிரவுசர் திட்டத்தில் அந்த வழி கிடையாது. அங்கே பிளக்இன் எழுதாமலே தொடங்கலாம்: இஎஸ்லிண்டின் தடைசெய்த-சின்டாக்ஸ் விதிக்கு ஒரு செலக்டர் கொடுத்தால் போதும். இன்டர்ஃபேஸ், டைப், கிளாஸ் அறிவிப்புக் கணுக்களில் பெயர் இந்தப் பட்டியலில் இருந்தால் இந்தச் செய்தியைக் காட்டு என்று. பயன்படுத்தும் இடத்தை விட்டு அறிவிக்கும் இடத்தைப் பிடிப்பது இங்கே முக்கியம். டாமின் லொகேஷனை உண்மையிலேயே பயன்படுத்துகிறவரை இந்த விதி தொடக் கூடாது.

பட்டியலில் எதைச் சேர்ப்பது? டாம் டைப்கள் அனைத்தையும் ஒரு நிரல் எழுதி உருவிப் போட்டுவிடத் தோன்றும், வேண்டாம். அதில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கின்றன, பாதிக்கு மேல் யாரும் தற்செயலாக வைக்காத பெயர்கள். மீதியில் சிலவற்றைத் தடுத்தால் உங்கள் துறையின் இயல்பான சொல்லையே தடுப்பதாகிவிடும். எடிட்டர் கட்டுகிற குழு ரேஞ்ச், செலக்ஷன் என்று எழுதத்தான் செய்யும், அதற்கு அவர்களிடம் நல்ல காரணமும் இருக்கும். ஏற்கெனவே குழப்பம் நடந்த பெயர்களில் தொடங்குவது நல்லது. ஜாவாவுக்கு கூகிள் வெளியிட்ட எரர் ப்ரோன் கருவியில் இதற்கு இணையான சோதனை ஒன்று உண்டு: ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பில் உள்ள கிளாஸ் பெயர்களை மறுபடி வைக்காதே என்கிறது. அந்தத் தொகுப்பு எல்லா ஃபைலிலும் தானாக இம்போர்ட் ஆவதால் அங்கே முழுப் பட்டியலும் பொருந்துகிறது. டாம் அப்படிப்பட்டது இல்லை.

செய்தியில் 'இந்தப் பெயர் கூடாது' என்று மட்டும் எழுதினால் படிப்பவர் ஒரு அடிக்கோட்டைச் சேர்த்துவிட்டுப் போய்விடுவார், அல்லது பெயருக்கு முன்னால் மை என்று ஒட்டுவார். லொகேஷனைத் தடுத்தால் டெலிவரி முகவரி, கடை இடம் என்று இரண்டு மாற்றுப் பெயர்களை அந்தச் செய்திக்குள்ளேயே கொடுங்கள். பிரவுசரிலும் இதே பெயர் இருக்கிறது, இம்போர்ட் மறந்தால் பிழை வராது என்று காரணத்தையும் ஒரு வரியில் சொல்லுங்கள். செய்தி பெயருக்குப் பெயர் வேறாக இருக்க வேண்டும். பத்துப் பெயருக்கும் ஒரே செய்தி பொருந்துகிறது என்றால் பட்டியல் இன்னும் யோசிக்கப்படவில்லை என்று அர்த்தம்.

சோதனைகளை இஎஸ்லிண்டின் ரூல்டெஸ்டரில் எழுதலாம், தனி விதியாக வளர்ந்த பிறகு. தவறானவற்றை எல்லோரும் எழுதிவிடுவார்கள். சரியானவற்றின் பக்கத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்: டாமின் லொகேஷனை ஒரு ஃபங்ஷனின் உள்ளீட்டு டைப்பாக வாங்குவது, லொகேஷன் என்ற பெயரில் ஒரு மாறி, வேறு ஃபைலிலிருந்து அதே பெயரை இம்போர்ட் செய்வது. கடைசியது சுவாரசியமானது. அறிவித்த இடத்தில் ஏற்கெனவே திட்டியாயிற்று, இம்போர்ட் செய்கிற நாற்பது ஃபைலிலும் மறுபடி திட்ட வேண்டுமா? வேண்டாம் என்பது என் கட்சி.

அப்புறம் பழைய நிரல். ஐந்து வருடத் திட்டத்தில் விதியைப் பிழை நிலையில் போட்டால் பில்ட் நின்றுவிடும். எச்சரிக்கை நிலையில் போட்டால் ஒரு வாரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். 2025 ஏப்ரலில் இஎஸ்லிண்ட் 9.24 பதிப்பில் மொத்தமாக அடக்கி வைக்கும் வசதி வந்தது: இருக்கிற மீறல்களை ஒரு ஃபைலில் குறித்துவைத்துக்கொண்டு, புதிதாக வருவதை மட்டும் பிழையாகக் காட்டும். பழைய மீறல் ஒன்று திருத்தப்பட்டால், குறிப்பில் மிஞ்சிய வரியை நீக்கச் சொல்லிக் கேட்கும். உறைகளுக்கான விதிக்கு இது தேவைப்படாது, ஃபிக்ஸ் ஓடவிட்டு, எழும் கம்பைல் பிழைகளைச் சரிசெய்து ஒரே புல் ரிக்வெஸ்டில் முடித்துவிடலாம். {} விதிக்கும் நம் சொந்தப் பெயர்ப் பட்டியலுக்கும் இதை வைத்துக்கொண்டு, அந்தந்த ஃபைலை வேறு வேலையாகத் தொடுகிறவர் தொடும்போது திருத்தட்டும் என்று விடலாம்.